பிந்தி வந்த படம்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போய், அச்சகத்துக்குக் கொம்பியூட்டர் வந்தபோது அதன் முன்னால் இருத்தப்பட்டு, பிறகு அச்சகமே இணையத்தளமாக மாறியபோது அதோடு சேர்ந்து நானும் மாறினேன். இப்போது கண் மங்கிவிட்டது. போன வருடம் வேலையை விட்டுவிட்டு கரவெட்டியில் என் வீட்டில் இருக்கிறேன். காலையில் விளக்கு வைத்து, திருநீறு பூசி, சந்நிதி முருகனை நினைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். குறுக்கே கதைத்துக் குழப்ப வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த ஒரு வசதி எனக்கு நிறைய உண்டு.

நம்முடைய வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெளியில் கேட்டால் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், அழுகைச் சத்தம் அயலுக்குப் போகிற அதே நேரத்தில் மரண அறிவித்தலும் போக வேண்டும். பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வரக்கூடியவர்கள் விமானம் ஏறுவார்கள். வரமுடியாதவர்கள் நாம் போடுகிற இணையப் பக்கத்தைத் திறந்து, அதில் ஓடுகிற வீடியோவில் கடைசியாக ஒருமுறை முகம் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நான் லப்டொப்போடு செத்த வீடுகளுக்குப் போய்ப் பந்தலின் ஒரு மூலையில் இருப்பேன்.

செத்த வீட்டில் அழுகிறவர்கள் இருப்பார்கள், சமைக்கிறவர்கள் இருப்பார்கள், வாசலில் நின்று கதைக்கிறவர்கள் இருப்பார்கள். இதில் ஒன்றிலும் சேராத ஒரே ஆள் நீங்கள்தான். ஒருவரும் உங்களிடம் கதைக்கமாட்டார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், கோபத்தில் அல்ல, கண்ணில் படாததால். இதற்கு நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். நான் பழகினேன் என்று சொல்லத்தான் ஆசை.

கோல்பக் (callback) பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை வீட்டில் அம்மாவோ அப்பாவோ எடுத்து வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கம் தூரத்திலிருக்கிற சேர்வர் என்ற கொம்பியூட்டரிடம் ஒன்றைக் கேட்கிறது. பதில் எப்போது வரும் என்று தெரியாது. வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றால் மற்ற வேலையெல்லாம் கிடந்துவிடும். அதனால், பதில் வந்தால் இதைச் செய், வராவிட்டால் அதைச் செய் என்று இரண்டு வேலைகளைக் கேள்வியிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டு, பக்கம் தன் பாட்டைப் பார்க்கிறது. அந்த இரண்டு வேலைகளும்தான் கோல்பக்.

எங்கள் பக்கத்தில், பதில் வராவிட்டால் செய்யவேண்டிய அந்த இரண்டாவது வேலை வெறுமையாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பக்கத்தை முதலில் எழுதியவர் அலுவலகத்தை நடத்திய அண்ணை. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்த எல்லாம் அவர் சொல்லித் தந்தது. ஆரம்பத்தில் வீடியோ வராவிட்டால் "தோல்வி" என்று சிவப்பு எழுத்தில் காட்டும்படிதான் அவர் எழுதியிருந்தார். ஒருநாள் பருத்தித்துறையிலிருந்து ஒரு மகன் போன் எடுத்தார். தாயின் படத்துக்குக் கீழே அந்தச் சிவப்புச் சொல் வந்திருக்கிறது.

"எங்கடை அம்மா என்னத்திலையப்பா தோத்தவ? ஒருக்காச் சொல்லுங்கோவன்."

அண்ணை மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, செத்த வீட்டுப் பக்கத்திலை தோல்வி, இல்லை, கிடையாது, உந்தச் சொல்லு ஒண்டும் வரப்படாது. சனம் ஏற்கெனவே ஒண்டை இழந்துபோட்டு வந்து நிக்குது."

அது சரியென்றுதான் எனக்கும் பட்டது. அரிசி முடிந்தால் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லாத ஆட்கள் நாங்கள். விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், நூர்த்துவிடு என்போம். அப்படி வளர்ந்த நாங்கள் எழுதிய நிரலும் அப்படித்தான் இருந்தது. வீடியோ வராவிட்டால் பக்கம் ஒன்றும் சொல்லாது. தொடக்கத்தில் காட்டுகிற "சற்றுப் பொறுங்கள்" என்ற வசனமும் சுற்றுகிற சக்கரமும் அப்படியே நிற்கும். மரியாதையான வசனம். நாங்கள் அதை வருடக்கணக்காக மாற்றவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

வல்வெட்டித்துறைக்குக் கிட்ட, கடற்கரை ஒழுங்கையில் ஒரு வீடு. இறந்தவர் ஒரு தாய். புருஷன் ஒருகாலத்தில் கப்பலில் போனவர். அவர் கரைக்கு வரும் நாளை எண்ணி எண்ணியே இருந்தவ என்று பந்தலில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பவானி, கூட இருந்து பார்த்தவள். இளையவர் கண்ணன், அவுஸ்திரேலியாவில். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது, அதனால் வரமுடியவில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இளைய மகன். அவருக்குப் பதிலாகப் பவானியின் மகன் தர்ப்பை போட்டுக்கொண்டு நின்றான்.

வீடியோ எடுக்க வந்தவர் ரூபன். எங்களோடு பல வருடம் வேலை செய்தவர், வாய் சும்மா இராது.

"அக்கா, உந்த மூலைக்குள்ளை இருக்காதேங்கோ. பறை தொடங்கினால் உங்கடை லப்டொப்பும் சேர்ந்து ஆடும்."

"நீ உன்ரை கமராவைப் பார்."

"என்ரை கமரா ஆடாது. ஆடினால் லண்டன்காரர் தலைசுத்திச் சத்தி எடுப்பினம்."

ஒளிபரப்புத் தொடங்கியது. பார்க்கிறவர்கள் தங்கள் பெயரையும் இரங்கலையும் எழுத எழுத, அது என் திரையில் கீழிருந்து மேலே ஏறும். லண்டன், கனடா, நோர்வே. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பவானி கமராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, வடிவாப் பார் ராசா. நீ அனுப்பின சீலைதான் அம்மாவுக்குக் கட்டியிருக்கு. பச்சைக் கரை. பார்."

சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "தம்பி பார்க்கிறார்தானே அக்கா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் ஏறுகிற பெயர்களுக்குள் கண்ணன் என்ற பெயரை நான் காணவில்லை. எழுதுகிற மனநிலையில் இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பிள்ளைகள், நமக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லத் தூண்டுகிற நேரங்கள் இந்தத் தொழிலில் நிறைய வரும், அதுவும் அழுகிற ஒருவர் கேட்கும்போது.

"உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ. தம்பிக்கு அடிச்சுக் கேப்பம்," என்றேன்.

மணி நெடுநேரம் போனது.

"சொல்லுங்கோ அக்கா."

"தம்பி, நான் அக்கா இல்லை. வீடியோக்காரரோடை வந்தனான். உங்களுக்குப் படம் தெளிவாத் தெரியுதோ?"

"இன்னும் தொடங்கேல்லைத்தானே?"

பந்தலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கடை திரையிலை என்ன இருக்கு தம்பி?"

"சற்றுப் பொறுங்கள் எண்டு போட்டிருக்கு. நான் பொறுத்துக்கொண்டிருக்கிறன். அவசரமில்லை அக்கா, கிரியைக்கு ஐயா வரப் பிந்தியிருக்கும் எண்டு நினைச்சன்."

அங்கத்தைய நேரத்துக்கு மத்தியானத்திலிருந்து அவர் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். தங்கியிருந்த விடுதியின் பொது அறையில் இருந்த கொம்பியூட்டர் அது. கையில் இருந்தது பழைய பொத்தான் போன், கதைக்க மட்டும் உதவும். வேறு வழி இல்லை. சாயந்தரம் அந்த அறையையும் பூட்டிவிடுவார்கள். ஏன் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. பொறு என்று மரியாதையாகச் சொன்னால் எங்கள் சனம் பொறுக்கும். கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் இருந்து பழகிய வீடு.

ரூபனிடம் சொன்னேன். "அக்கா, மற்ற எல்லாருக்கும் வருகுது. அவரின்ரை இன்ரநெற்தான் பிழை. நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கே பிழை என்று தெரிந்தால்தானே என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்? பக்கம் வாயைத் திறந்தால்தானே எங்கே பிழை என்று தெரியும்?

அண்ணைக்கு என் போனில் அடித்தேன்.

"அந்த வெறும் கோல்பக்கை நிரப்பப் போறன் அண்ணை."

"இப்பவோ? விசரே உனக்கு? சனம் பார்த்துக்கொண்டிருக்குது. ஒரு அடைப்புக்குறி தவறினாலும் எல்லாருக்கும் நிக்கும். ஒரு ஆளுக்காக எல்லாரையும் இருட்டிலை விடப் போறியோ?" கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுக் கேட்டார்: "ஆர் அந்த ஒரு ஆள்?"

"கொள்ளி வைக்க வேண்டியவர்."

அண்ணையின் குரல் தணிந்தது. "ஓடுற பக்கத்தைத் தொடாதை. அதைப் பார்த்து இன்னொண்டு செய்," என்றார். "முருகன் துணை. வை."

எவ்வளவு பெரிய பதற்றத்திலும் அவர் அந்த ஒன்றை மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக்கூடாது. பக்கத்தை அப்படியே பிரதி எடுத்தேன். அதில் வெறுமையாக இருந்த இடத்தில் எழுத உட்கார்ந்தேன். வேர்வையில் நெற்றித் திருநீறு கரைந்து கண்ணுக்குள் போய் எரிந்தது. கமராவுக்கு அந்தப் பக்கம், பிரேதத்துக்கு வைக்கிற வாசனைப் பொடியான சுண்ணம் இடிக்க உரலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சுண்ணம் இடித்து முடிந்தால் வாய்க்கரிசி. வாய்க்கரிசி முடிந்தால் பெட்டி மூடுவார்கள்.

எழும்பிப் போய்க் கிரியை செய்த ஐயாவிடம் கேட்டேன். "ஐயா, மகனுக்கு இன்னும் படம் போகேல்லை. கொஞ்சம் பிந்த ஏலுமோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இராகு காலத்துக்கு முன்னம் பெட்டி படலை தாண்ட வேணும் பிள்ளை. நேரத்தை நான் இழுக்கேலாது." திரும்பி உலக்கை பிடித்து நின்றவர்களைப் பார்த்தார். "ஆனால் சுண்ணத்தை ஆறுதலா இடிக்கலாம். ஏன் உப்பிடிப் பறக்கிறியள், அரிசிமாவே இடிக்கிறியள்? சுண்ணப் பாட்டை முழுக்கப் பாடுங்கோ. கை நோகிறவை ஆளை மாத்துங்கோ."

அந்த மனிதர் எனக்கு அன்றைக்குக் கொடுத்தது எத்தனை நிமிடம் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இல்லை.

நான் எழுதியது பெரிய விஷயம் ஒன்றும் அல்ல. வீடியோவைக் கொண்டுவர நம் பக்கம் இரண்டு இடத்தில் கேட்கிறது. முதலில் நம்முடைய சேர்வரிடம். அது தருகிற விலாசத்தை வைத்துக்கொண்டு பிறகு வீடியோ நிறுவனத்தின் சேர்வரிடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதினேன். வந்தால் வந்தது என்று சொல், வராவிட்டால் வரவில்லை என்று சொல். அவ்வளவுதான். பிரதிப் பக்கத்தின் விலாசத்தை எழுத்தெழுத்தாகக் கண்ணனுக்குப் போனில் சொன்னேன். கண்ணன் ஒரு விரலால் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஒண்டு வந்திருக்கு அக்கா."

"வாசியுங்கோ."

"எங்கள் சேர்வர், பதில் வந்தது. வீடியோ, வரவில்லை." நிறுத்தினார். "அப்ப எனக்கு வராதோ?"

"வீடியோ வராது தம்பி. விடுதிக்காரர் மறிச்சிருக்கினம் போலை."

"சரி," என்றார். பிறகு, கோபமே இல்லாத குரலில், "ஒரு பதில் வந்திட்டுது. நல்லது அக்கா. போதும், காணும்," என்றார்.

இல்லை என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனிதர் ஆறுதல்பட்டதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன். அந்தச் சொல்லிலிருந்து அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நாங்கள் அவரைச் சக்கரத்துக்கு முன்னால் இருத்தி வைத்திருந்தோம்.

"காணாது. நீங்கள் எழும்பாதேங்கோ. எங்கடை சேர்வரிலை இருந்து வாறது உங்களுக்கு வருகுது. நான் படமா எடுத்து ஒவ்வொண்டா அனுப்புறன்."

அதே பிரதிப் பக்கத்தில் இன்னும் சில வரி சேர்த்தேன். நான் சேர்வரில் ஒரு புதிய படத்தை வைத்ததும் பக்கம் அதைக் கேட்கும், வந்ததும் முந்திய படத்தின் இடத்தில் திரையில் காட்டும். ஒரு படத்துக்கு ஒரு கேள்வி. என் போனால் எடுத்துச் சின்னதாக்கி அனுப்பினேன். பவானியின் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"என்ன தெரியுது?"

"பந்தல் தெரியுது... ஆக்கள் தெரியினம்... ஒரு பெரிய முதுகு தெரியுது அக்கா."

"அது ரூபன்."

போனில் ஒரு சிரிப்பு, அழுகையோடு சேர்ந்து வந்தது. ரூபன் காதில் விழுந்திருக்க வேண்டும், விலகி நின்றார்.

"அம்மா தெரியேல்லை அக்கா."

முகம் வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் ஒருவரோடு ஒருவர் தோள் சேர்த்து இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். போனைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே நுழையவும் முணுமுணுப்புத் தொடங்கியது.

"உவ ஆரப்பா?"

"படம் பிடிக்கிறாவாம். கண்டறியாத படம்."

"பேஸ்புக்கிலை போடவாக்கும். செத்தும் விடாயினம்."

பவானி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "என்ரை தம்பிக்கு மாமி. அவன் இன்னும் முகம் பார்க்கேல்லை."

அந்த மாமிதான், கண்டறியாத படம் என்று சொன்னவ, முதலில் நகர்ந்து இடம் விட்டா. நகர்ந்தது மட்டுமல்ல, "பொறு எணை, நெத்தி வடிவாத் தெரியட்டும்," என்று சொல்லி இறந்தவரின் நெற்றியில் கிடந்த பூவிதழை எடுத்துவிட்டு, பச்சைக் கரையை நெஞ்சுக்கு நேரே இழுத்துவிட்டா.

எடுத்தேன். முகம் மட்டும். மற்றப் படங்களைப்போல இதைச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை. இமைமயிர் தெரியட்டும் என்று முழு அளவிலேயே அனுப்பினேன்.

அதற்குள் உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது. ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாய்க்கரிசி போட்டார்கள். நான் தொடர்ந்து எடுத்து அனுப்பினேன். பெட்டியை மூடினார்கள், அதையும் அனுப்பினேன். பெண்களின் குரல் ஒரேயடியாக எழும்பியது. பறை தொடங்கியது. தூக்கினார்கள், அதையும் எடுத்து அனுப்பினேன்.

"தம்பி, முகம் பார்த்தனீங்களோ?"

சத்தத்துக்குள் அவர் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"பெட்டி மூடியிருக்கு அக்கா. தூக்கிக்கொண்டு போயினம்."

"அதுக்கு முன்னம் ஒண்டு. முகம் மட்டும். கிட்ட எடுத்தது."

"வரேல்லை. அரிசி போடுறது வந்தது. பேந்து மூடினது வந்தது."

பெரிய படம். அந்த நாட்டின் அந்த விடுதியின் மெல்லிய இணைப்பில் அது இன்னும் வழியில் நின்றது. சின்னப் படங்கள் அதை முந்திக்கொண்டு போய்விட்டன. கேள்விகள் போன வரிசையில் பதில்கள் வரவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இதை நான் அறிந்திருந்தேன். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் கொடுத்திருந்தேன்.

கடைசிப் பகுதியை எழுதத் தொடங்கினால் பிறகு எனக்குப் புத்தி சொல்ல வராது. அதனால் சொல்லவேண்டியதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெறுமையான கோல்பக்கை அந்தக் கிழமையே அண்ணையும் நானும் உட்கார்ந்து நிரப்பினோம். "இப்போது உங்களுக்குக் காட்ட முடியவில்லை. எங்களை அழையுங்கள்." கீழே ஒரு தொலைபேசி எண். "முடியவில்லை எண்டு எழுத வேணுமே?" என்று அண்ணை கடைசிவரை இழுத்தார். எழுத வேண்டும் என்று நின்றுகொண்டேன். பதில் வராத வழிக்கும் ஒரு வேலையை எழுதிவிட்டுத்தான் பதில் வருகிற வழியை எழுத வேண்டும். மற்றது, பிந்தி வருகிற பழைய பதில், புதிய பதிலின்மேல் ஏறி உட்காராமல் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். நீங்கள் எழுதுகிற எல்லாப் பக்கத்திலும் அப்படிச் செய்யுங்கள். அதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றைக்கு நான் அவசரத்தில் எழுதிய அந்தப் பிரதியில் அப்படித் தள்ளிவிடுகிற வரி இருக்கவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவோம். சுடலைக்குப் போவது ஆண்கள். ரூபன் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பவானியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், மதிலின்மேல் லப்டொப்பை வைத்துக்கொண்டு, போனை உயர்த்தி இன்னொரு படம் எடுத்தேன். ஒழுங்கை திரும்புகிற இடத்தில், வெயிலுக்குள், ஆட்களின் தலைக்கு மேலால் பெட்டியின் ஒரு மூலை மட்டும் தெரிகிற படம். அதைச் சின்னதாக்கி, அனுப்புகிற பொத்தானில் விரல் வைத்தேன்.

"அக்கா."

"சொல்லுங்கோ தம்பி."

"பெட்டியைத் திரும்பத் திறந்தவையோ?"

நிமிர்ந்து ஒழுங்கையைப் பார்த்தேன், பெட்டி மூடியபடிதான் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா தெரியிறா," என்றார். "முகம். கிட்ட. பச்சைக் கரை."

பிந்திய படம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூடிய பெட்டிக்கு மேலே, தூக்கிக்கொண்டு போன பெட்டிக்கு மேலே, அந்த முகம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வழியில் ஒரு பதிலும் இல்லை. நான் இன்னொரு படத்தை அனுப்பாவிட்டால் அது அப்படியே நிற்கும்.

விரலை எடுத்தேன்.

"திறக்கேல்லைத் தம்பி. முன்னம் அனுப்பினது, பிந்தி வந்தது. நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ. இனி ஒண்டும் மாறாது."

போனில் அவருடைய மூச்சுக் கேட்டது. பறைச் சத்தம் கடற்கரைப் பக்கமாகக் குறைந்துகொண்டு போனது. பவானி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தம்பிக்கு எல்லாம் அனுப்பினனீங்களோ அக்கா? போறதும் பார்த்திட்டாரோ?"

"தம்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்," என்றேன். போனை அவளிடம் நீட்டினேன். அவள் காதில் வைத்தாள். போனைக் காதோடு பிடித்தபடி படலையில் சாய்ந்து நின்றாள். வீடு கழுவக் கிணற்றில் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்கள்.

லப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவும் இல்லை. கடற்கரை வழியாகத் தனியே நடந்து வந்து, பஸ் ஏறி, கரவெட்டியில் இறங்கி, தலைக்குத் தண்ணீர் வார்த்து, சாமி அறையில் விளக்கேற்றினேன். அந்தப் பிள்ளை இருந்த விடுதி அறையை இப்போது பூட்டியிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே விளக்கின் முன்னால் இருந்தேன்.

படலையில் எடுத்த படம் இன்றைக்கும் என் போனில் இருக்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை.